புலமைப்பரிசில் பதாகையை வைத்துப் பாடசாலை தேடாதீர்கள்

தமிழகத்தில் வளர்ந்த பிள்ளையோடு இலங்கையின் திருகோணமலைக்குக் குடிவருபவர்களை முதலில் மிரட்டுவது சொற்கள்தான். ஒன்றாம் வகுப்பு இங்கே தரம் 1, தலைமையாசிரியர் அதிபர், மதிப்பெண் புள்ளி, தேர்வு முடிவு பெறுபேறு. பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும், மூன்று தவணை (டேர்ம்). சமயமும் ஒரு பாடம்.

தரம் 1 என்றால் ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை முந்தைய ஆண்டே கொடுக்க வேண்டும். பாதி இடம் பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்கு. வெளிநாட்டில் பிள்ளையோடு இருந்து திரும்புபவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு, ஆனால் 1 வீதம் (சதவீதம்)தான். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி: "எந்தப் பாடசாலை நல்லது?" ஐந்தாம் தரப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையின் (உதவித்தொகைத் தேர்வு) பெறுபேறு வந்ததும் வாசலில் பதாகை ஏறும், சித்தியடைந்தவர்களின் (தேறியவர்களின்) படங்களோடு. நானும் வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். 150 பேர் எழுதி 30 பேர் வெட்டுப்புள்ளியை (கட்-ஆஃப்) தாண்டிய பாடசாலையும், 10 பேர் எழுதி 3 பேர் தாண்டிய பாடசாலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பதாகை பெரிதாகத் தெரிவது முதலாவதற்குத்தான். வீதம் கூடியதோ இரண்டாவதில். அதனால் "எத்தனை பேர் சித்தி?" என்று கேட்டதோடு நிற்காமல், "எத்தனை பேர் தோற்றினார்கள், மற்றப் பிள்ளைகளின் புள்ளி எப்படி?" என்றும் அதிபரிடம் கேளுங்கள். வெட்டுப்புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சொல்லும் எண்ணை இங்கே வைத்துப் பார்க்க முடியாது.

அந்தப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் 60 வினா. தமிழ், கணிதம், சுற்றாடல் போக ஆங்கிலமும் சிங்களமும் வரும். தரம் 4இல் வந்து சேரும் பிள்ளை தடுக்கி விழுவது சிங்களத்தில்தான். என் மகள் முதல் தவணையில் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டாள். அதற்காக உடனே ரியூசனுக்கு ஓடாதீர்கள், முதல் சில மாதம் எழுத்தைப் பழகினாலே போதும்.

யார் யார் படிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் சுமார் 30, சிங்களவர் சுமார் 27. பாடசாலைகளோ பெரும்பாலும் பிரிந்தே நடக்கின்றன. முஸ்லிம் பாடசாலைகளிலும் தமிழ்தான் பாடமொழி, ஆனால் நோன்பு காலத்தை ஒட்டிய விடுமுறை வேறு. இரண்டு பிள்ளைகளை இரண்டு வகைப் பாடசாலையில் சேர்த்தால் விடுமுறை ஒத்துவராது, அனுபவத்தில் சொல்கிறேன்.

தரம் 1, 2 பிள்ளைகளைக் காலை 11.30க்கே விட்டுவிடுவார்கள். அந்த நேரம் வாசலில் நிற்கும் அம்மாமாரிடம் அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த ரீச்சர் மாற்றலாகிப் போகிறார் என்பதெல்லாம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு முன்னமே அங்கே தெரிந்திருக்கும்.