ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைக்கப் போகிறீர்களா? முதலில் பேக்கப் எடுங்கள்

ஆயுத பூஜை வந்தால் வண்டி, தையல் மிஷினோடு சேர்த்து வீட்டுக் கணினியையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கேபினட்டைத் திறந்து பார்க்க அது நல்ல சாக்கு. ஆனால் மறுநாள் ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நிற்பதும் உண்டு. பெரும்பாலும் ராம் (நினைவகப் பலகை) சற்று நகர்ந்திருக்கும், அதைச் சரிசெய்துவிடலாம். ஏற்கெனவே தேய்ந்த ஹார்டு டிஸ்க் நகர்த்தியதில் அடிபட்டு நின்றுபோனால், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் திரும்ப வராது. ஆகவே துணியை எடுக்கும் முன் பேக்கப். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கீழே உள்ளவை விண்டோஸ் 11 ஓடும் டெஸ்க்டாப்புக்கானவை. லேப்டாப்புக்கும் பேக்கப், மென்பொருள் பகுதிகள் அப்படியே பொருந்தும். திறந்து தூசி தட்டுவதை மட்டும் பழகியவரிடம் விடுங்கள்.

பேக்கப்

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், டவுன்லோட்ஸ் ஆகிய ஐந்து போல்டர்களையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸைத் திறந்தால் மொத்த அளவும் கோப்புகளின் எண்ணிக்கையும் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டி டிரைவில் தனியாகப் போட்டு வைத்தவற்றையும் கூட்டுங்கள்.

வாங்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இந்த அளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு 1 டிபி போதும். பென் டிரைவை ஒரே பேக்கப்பாக நம்ப வேண்டாம். அதிலும், 2 டிபி என்று அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு வரும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் போலி. உள்ளே 32 ஜிபி மட்டும் இருக்கும். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும். காப்பி ஆவது போலவே தெரியும், பிறகு திறந்தால் கோப்பு உடைந்திருக்கும்.

புது டிஸ்க்கின் பார்மட் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்டிஎஃப்எஸ் தானா என்று பிராபர்ட்டீஸில் பாருங்கள். ஃபேட் 32 என்று இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோ பாதியில் நின்று, இடம் இருந்தும் பிழை காட்டுவது இதனால்தான். டிஸ்க் காலியாக இருக்கும்போதே என்டிஎஃப்எஸ்ஸாக பார்மட் செய்துவிடுங்கள்.

பின்பக்கம் உள்ள நீல நிற யுஎஸ்பி துளையில் செருகுங்கள். அது யுஎஸ்பி 3. இதில் 200 ஜிபி ஏற அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பழைய கறுப்புத் துளையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். அவசரப்பட்டு கேபிளை உருவாதீர்கள்.

1. டிஸ்க்கில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு போல்டர் திறக்கவும்.
2. போல்டர்களை காப்பி செய்து பேஸ்ட் செய்யவும். கட் செய்யக் கூடாது. கட் செய்தால் பிரதி உருவாகாது, பொருள் இடம் மாறும். கடைசியில் கையில் இருப்பது பழையபடி ஒன்றுதான்.
3. முடிந்ததும் டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதியதோடு ஒப்பிடவும்.
4. மிகப் பழைய படம் ஒன்று, மிகப் பெரிய வீடியோ ஒன்று, கடைசியாக ஏறிய கோப்பு ஒன்று என்று ஐந்தாறு கோப்புகளை டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்க்கவும். முடிந்தால் வேறொரு கணினியில் திறக்கவும். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்றே கணக்கில் வைக்காதீர்கள்.
5. டாஸ்க்பாரில் இஜெக்ட் கொடுத்து, கழற்றி, பீரோவில் வைக்கவும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், கணினிக்கு வருகிற எல்லா ஆபத்தையும் பங்குபோட்டுக்கொள்ளும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) வந்தால் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இடி மின்னலில் மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

எளிதில் மறந்துபோகும் நான்கு விஷயங்கள்:

பழைய தமிழ் எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் அப்பாவின் கட்டுரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

டேலி மாதிரியான கணக்கு மென்பொருள். அதன் தரவு உங்கள் டாக்குமென்ட்ஸில் இல்லாமல் போகலாம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியை இயக்கி, வருகிற கோப்பை டிஸ்க்கில் போடுங்கள்.

மேக அடையாளம் உள்ள கோப்புகள். ஒன்டிரைவ் ஓடும் கணினியில் சில கோப்புகளின் பக்கத்தில் சிறு மேகப் படம் இருக்கும். அவை உங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் இருக்கின்றன. போல்டரை ரைட் கிளிக் செய்து, இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு என்ற பொருள் தரும் தேர்வைக் கொடுத்து, இறங்கிய பின் காப்பி செய்யுங்கள்.

பிட்லாக்கர் சாவி. டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி பிட்லாக்கர். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால், 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அதைப் பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். மதர்போர்டில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை கணினி இதைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் எந்த மெக்கானிக்காலும் உள்ளே போக முடியாது.

இரண்டாவது பிரதி வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். முக்கியமான சான்றிதழ்கள், பத்திரங்களின் ஸ்கேன் மட்டும் என்றால் கூகுள் கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபி போதும். மொத்தப் படங்களுக்கும் இன்னொரு டிஸ்க் வாங்கி உறவினர் வீட்டில் வைப்பது மலிவு. வெள்ளம் புகுந்த வீடுகளில் கணினியும் பீரோவும் சேர்ந்தே நனைந்தன என்பதை சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைவை மட்டும் நம்பாதீர்கள்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

கேபினட்டைத் திறப்பதற்கு முன்

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ் (புதியது, காய்ந்தது), கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் ப்ளோயர், மைக்ரோஃபைபர் துணி இரண்டு, முகக் கவசம், வெள்ளை அழிரப்பர். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு புட்டி இருந்தால் நல்லது. சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள்.

பின்பக்கக் கேபிள்களை மொபைலில் படம் எடுங்கள். ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். கேபினட்டை வெளித் திண்ணைக்கோ பால்கனிக்கோ தூக்கிச் செல்லுங்கள். வீட்டுக்குள் ஊதினால் அதே தூசியை மறுபடி மின்விசிறி உள்ளே இழுக்கும்.

தூசி எடுத்தல்

முன்னிருந்து பார்த்தால் இடப்பக்கத் தகடு. பின்னால் இரண்டு திருகுகள். கழற்றி, தகட்டைப் பின்நோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே தொடுவதற்கு முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். இடையிடையேயும் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கொல்வதை நாம் உணரவே மாட்டோம். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகவே. அதன் பிளாஸ்டிக் குழாய் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும்.

ஒட்டிய தூசியை பிரஷ்ஷால் தளர்த்தி, ப்ளோயரை 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து விட்டுவிட்டு ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு மின்விசிறியின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டாம். அதில் நீர்த்துளிகள் வரும், அழுத்தமும் அதிகம்.

முக்கியமான இடம் பிராசஸர் மேல் உள்ள ஹீட் சிங்க், அதாவது அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் தொகுதி. மின்விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். வெயில் காலத்தில் கணினி தானாக அணைவதற்கும், மின்விசிறி இரைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பிரஷ்ஷை இதழ்களுக்கு இடையே விட்டு எடுங்கள். ஹீட் சிங்கைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைத்தே ஆக வேண்டும். முதல் தடவை செய்பவருக்கு அந்த வேலை தேவையில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) திறக்கவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாகி கெப்பாசிட்டரில் தங்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

ராமைக் கழற்றாமல் விடலாம். மூன்று பீப் சத்தம், திரை வராமை போன்ற தொல்லை இருந்தால் மட்டும் இரு முனைக் கிளிப்பையும் விலக்கி எடுத்து, தங்க நிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிப் டக்கென்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள்.

மதர்போர்டில் நாணயம் போன்ற பேட்டரி இருக்கும்: சி.ஆர். 2032, 3 வோல்ட். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போனால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றும் முன் பிட்லாக்கர் எண் கையில் இருக்கட்டும்.

பின்பக்கம் மூடியில்லாத கார்டு துளை இருந்தால் தகடு போட்டு மூடுங்கள். கரப்பான் பூச்சியும் பல்லியும் கதகதப்பைத் தேடி வருகிற வழி அது. செத்த பல்லி மதர்போர்டில் இரண்டு முனைகளைத் தொட்டுக் கிடந்தால் ஷார்ட் ஆகும்.

திரைக்கு கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம். அதில் அமோனியா இருந்தால் மேற்பூச்சு போகும். துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள். நேரடியாகத் தெளித்தால் நீர் கீழ்விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

மறுபடி இணைக்கும்போது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு டிஸ்பிளே இல்லை என்று கலங்குவது மிகச் சாதாரணம். முதலில் எடுத்த படத்தைப் பாருங்கள். தகட்டை மூடும் முன் ஒருமுறை ஆன் செய்து, எல்லா மின்விசிறியும் சுற்றுகிறதா, ஒயர் எதுவும் இறக்கையில் உரசுகிறதா என்று கவனியுங்கள்.

விண்டோஸுக்குள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அங்கே வேண்டாதவற்றை அழிக்கலாம். பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும். அதில் டிக் விழாமல் பாருங்கள். பயன்படுத்தாத மென்பொருளை ஆப்ஸ் பக்கத்தில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், ஆன் ஆகும்போதே ஓடத் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள்.

ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) துடைக்கும் கிளீனர்கள் தேவையே இல்லை. வேகம் கூடாது, தேவையான வரி ஒன்று அழிந்தால் மென்பொருள் திறக்காது. 2017-ல் மிகப் பிரபலமான சிசிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே தீநிரல் புகுந்து லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். கிராக் மென்பொருள் அதை அணைக்கச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எஸ்எஸ்டியை (நகரும் பாகம் இல்லாத டிஸ்க்) டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துதல்) செய்ய வேண்டாம். தேவையானதை விண்டோஸ் தானே வாரந்தோறும் செய்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலம் என்றால் நலம். மஞ்சளில் காஷன் என்று வந்தால் டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் தோன்றத் தொடங்கியிருக்கலாம். அன்றே இன்னொரு பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் 11-க்கு மாற முடியுமா என்று அப்டேட் பக்கத்தில் பாருங்கள்.

இனி ஆண்டு முழுக்க

படங்கள் சேரும் வேகத்தைப் பொறுத்து மாதம் ஒரு பேக்கப். கேபினட்டின் பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் உங்கள் விரலைத் தேடுகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இரண்டு பின் அடாப்டரால் சமாளிக்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கரண்ட் போன உடனே கணினியும் அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

பூஜை அன்று பொட்டை முன்பக்கப் பிளாஸ்டிக்கில் வையுங்கள், காற்றுத் துளைகளின் மேல் வேண்டாம். விபூதியும் குங்குமமும் நுண்ணிய தூள். மின்விசிறி அவற்றை நேராக ஹீட் சிங்குக்கு அனுப்பிவிடும். சாம்பிராணி போடும்போது கணினி அணைந்திருக்கட்டும். பேக்கப் டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வைத்து, மறுபடி பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.