செலினியத்துக்கு முன்னால் எஃப் 12: டெஸ்டிங் டூல்களை எந்த வரிசையில் கற்பது

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், எந்த டூல் படிக்கட்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையிலேயே வைத்திருப்பார்கள்: பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம். நல்ல டூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஆரம்பிப்பது வாசல் தெளிக்காமல் கோலம் போட உட்காருகிற மாதிரி.

ஒரு பஸ் டிக்கெட் தளம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டைத் தேர்வு செய்து 'பணம் செலுத்து' பட்டனை அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பேமெண்ட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால், "என் மெஷினில் ஓடுகிறதே" என்று டெவலப்பர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முதலில் குரோமில் எஃப் 12 அழுத்தி, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதைக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம் அந்தப் பட்டனை மறுபடி அழுத்துங்கள். டேபைத் திறப்பதற்கு முன் நடந்தது அதில் இருக்காது, அதனால் இந்த வரிசை முக்கியம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி இருக்கும், அதில் ஸ்டேட்டஸ் என்று ஒரு எண் வரும். அது 4-ல் தொடங்கினால் நாம் அனுப்பியதில் ஏதோ சரியில்லை (401 என்றால் பெரும்பாலும் லாகின் காலாவதி, 404 என்றால் அந்த முகவரியில் எதுவும் இல்லை). 5-ல் தொடங்கினால் சர்வர் பக்கம் கோளாறு. 200 (எல்லாம் சரி) வந்தும் சக்கரம் சுற்றினால் பதில் வந்துவிட்டது, ஸ்கிரீன்தான் அதை வாங்கிக் காட்டவில்லை என்று சந்தேகப்படலாம், கன்சோல் டேபில் சிவப்பு வரி இருக்கிறதா பாருங்கள். ஆனால் 200 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், சில புண்ணியவான்கள் 200 அனுப்பிவிட்டு உள்ளே 'தோல்வி' என்று எழுதி வைத்திருப்பார்கள், ரெஸ்பான்ஸையும் திறந்து படியுங்கள். இதற்கெல்லாம் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

அடுத்தது போஸ்ட்மேன். 2012-ல் அபினவ் அஸ்தானா குரோம் எக்ஸ்டென்ஷனாக வெளியிட்டது, இன்று ஏபிஐ (ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வழி) டெஸ்டிங் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஸ்கிரீனைத் தொடாமல் சர்வரோடு நேராகப் பேசிப் பார்ப்பதற்கான டூல். ஒரு குறுக்குவழி சொல்கிறேன்: நெட்வொர்க் டேபில் அந்தப் பேமெண்ட் வரியை ரைட் கிளிக் செய்து 'காப்பி ஆஸ் கர்ல்' கொடுங்கள் (கர்ல் என்பது கோரிக்கையை ஒரு கட்டளையாக எழுதும் முறை), போஸ்ட்மேனில் இம்போர்ட் போய் ஒட்டுங்கள், முழுக் கோரிக்கையும் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். இனிமேல்தான் விளையாட்டு. சீட் எண்ணிக்கையில் 0 போடுங்கள், -1 போடுங்கள், நேற்றைய தேதியில் பயணம் கேளுங்கள், ஒரு டெஸ்ட் கணக்கின் லாகினில் இருந்துகொண்டு இன்னொரு டெஸ்ட் கணக்கின் டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். ஸ்கிரீன் இதையெல்லாம் தடுத்திருக்கும், சர்வரும் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் மோசமான பக்குகள் (பிழைகள்) இங்கேதான் கிடைத்திருக்கின்றன.

சரி, இப்போது செலினியம். 2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பித்தது. அன்றைக்கு இந்தத் துறையில் கோலோச்சிய நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம்; பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியம் என்ற கிண்டலில் வைத்த பெயர். பிரவுசரை மனிதர் போல இயக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு ரிலீஸுக்கும் லாகின், தேடல், சீட், பேமெண்ட் என்று அதே பாதையை மறுபடி மறுபடி நடந்து பார்க்கும் ரெக்ரஷன் வேலைக்கு அருமை, புது பக்கைத் தேடித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்கள் பார்க்கச் சொன்னதை மட்டும்தான் பார்க்கும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, பக்கம் வரும்வரை காத்திருக்க, இத்தனை விநாடி சும்மா இரு என்னும் 'த்ரெட் ஸ்லீப்' போடுவது. 5 விநாடி ஸ்லீப் 40 இடத்தில் இருந்தால் 200 விநாடி சும்மா போகிறது, அதையும் மீறி நெட் மந்தமான நாளில் டெஸ்ட் விழும். 'வெப்டிரைவர் வெயிட்' பயன்படுத்தி, அந்தப் பட்டன் அழுத்தத் தயாராகும்வரை மட்டும் காத்திருக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் 2020-ல் கொண்டுவந்த ப்ளேரைட் இந்தக் காத்திருப்பைத் தானே பார்த்துக்கொள்ளும், அதனால் புதிய ப்ராஜெக்ட் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் பழைய நிறுவனங்களில் ஜாவாவும் செலினியமும் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, வேலை தேடுகிறவர் அதை விட முடியாது. மொபைல் ஆப் என்றால் ஆப்பியம், செலினியம் தெரிந்தவருக்கு அதிகம் அந்நியமாக இருக்காது.

தீபாவளி டிக்கெட் திறக்கிற காலை என்ன ஆகும் என்று பார்க்க ஜேமீட்டர், ஒரே நேரத்தில் பலர் வருவது போல சர்வர் மேல் லோடு (சுமை) ஏற்றிப் பார்க்கும் டூல். த்ரெட் குரூப்பில் (போலிப் பயனர்களின் கூட்டம்) 100 பேர், ரேம்ப் அப் (எல்லாரும் உள்ளே வர ஆகும் நேரம்) 50 விநாடி என்று போட்டால் விநாடிக்கு 2 பேர் வீதம் உள்ளே வருவார்கள். நடுநடுவே இடைவெளி விடும் டைமர் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் மூச்சு விடாமல் பட்டனை அழுத்துவதாக ஆகிவிடும், எந்த மனிதரும் அப்படி டிக்கெட் எடுப்பதில்லை. ஒருமுறை நான் ஒவ்வொரு பதிலையும் சேர்த்துக் காட்டும் 'வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ'யை அணைக்காமல் ஜேமீட்டர் ஜன்னலிலேயே பெரிய லோடு ஓட்டி, சர்வர் செத்துவிட்டது என்று டீமையே கூப்பிட்டுவிட்டேன். செத்தது என் லேப்டாப். திட்டத்தைத் தயார் செய்வதற்குத்தான் அந்த ஜன்னல், நிஜ லோடை கமாண்ட் லைனில் ஓட்டுங்கள். முடிவில் சராசரியை நம்பாதீர்கள்: 9 பேருக்கு 1 விநாடி, ஒருவருக்கு 31 விநாடி என்றால் சராசரி 4 விநாடி, அந்த 4 யாருக்குமே நடக்காதது. 90, 95 பெர்சன்டைல் பாருங்கள், அதாவது 100-ல் 90 பேருக்கு, 95 பேருக்கு எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்று. அனுமதி இல்லாமல் அடுத்தவர் தளத்தில் இதை ஓட்டுவது தாக்குதல் என்றே கணக்கு.

கண்டுபிடித்ததை எழுதும் இடம் ஜிரா. டூலைக் கற்க ஒரு மதியம் போதும், எழுதத்தான் நாளாகும். அந்தப் பழைய "பேமெண்ட் வேலை செய்யவில்லை" இப்படி மாறினால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்: "2 சீட் தேர்வு செய்து கூப்பன் போட்டால் பேமெண்ட் கோரிக்கைக்கு 500 வருகிறது, கூப்பன் இல்லாமல் சரியாகப் போகிறது, 5 முறையில் 5 முறையும்." கீழே படிகள், பிரவுசர் வெர்ஷன், ஸ்கிரீன்ஷாட். அந்தக் கர்ல் வரியையும் ஒட்டலாம், ஆனால் அதற்குள் உங்கள் லாகின் டோக்கன் (உங்கள் கணக்கைத் திறக்கும் சாவி மாதிரி) இருக்கும், அதை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.