சின்னப் பிள்ளைங்களோட புது ஃப்ளாட்டுக்கு மாறுறீங்களா? அட்டைப்பெட்டி இருக்கட்டும், முதல்ல கதவைப் பாருங்க

நாங்க திருநெல்வேலில ஒரு வளவு வீட்ல இருந்தோம், வாசக்கதவைக் காலைல தொறந்தா ராத்திரி தான் சாத்துவோம், பிள்ளைங்க யார் வீட்ல சாப்பிடுது யார் வீட்ல தூங்குதுன்னே தெரியாது. அங்க இருந்து சென்னை பெரும்பாக்கம் பக்கம் 7வது மாடி ஃப்ளாட்டுக்கு வந்தோம். பாப்பாவுக்கு 5 வயசு, தம்பிக்கு ஒன்றரை. வந்த மூணாவது நாளே ஒரு சம்பவம்.

குப்பை கவரை வெளில வைக்க ரெண்டு எட்டு தான் வச்சேன், பால்கனி காத்துக்குக் கதவு டமால்னு சாத்திக்கிச்சு. மெயின் டோர்ல இருக்குற நைட் லாட்ச் தெரியும்ல, சாத்திட்டா வெளில இருந்து சாவி இல்லாம தொறக்காது. உள்ள தம்பி மட்டும் தனியா, இன்டக்‌ஷன்ல பருப்பு வேகுது, போனும் உள்ள சாவியும் உள்ள. எதிர் வீட்டு அக்கா பேரு கூட அன்னிக்கு எனக்குத் தெரியாது, பெல் அடிச்சு அவங்க போன்ல இவருக்குப் பேசினேன். செக்யூரிட்டி அண்ணன் தான் புத்தியா கீழ ஓடிப் போய் மீட்டர் போர்டுல எங்க வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆசாரியைக் கூட்டிட்டு வந்தாரு. பூட்டை உடைக்க 40 நிமிஷம். அதுவரைக்கும் நான் தரையில படுத்து கதவிடுக்குல விரலை விட்டு ஆட்டிட்டே இருந்தேன், அவன் அந்தப் பக்கம் அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டே இருந்தான்.

அதனால சாமான் வர்றதுக்கு முந்தின நாளே போய் எல்லாக் கதவையும் ஒரு ரவுண்டு பாருங்க. ஸ்பேர் சாவி ஒண்ணு எதிர் வீட்ல, இல்ல நம்பிக்கையான யார்கிட்டயாவது குடுத்து வைங்க. நைட் லாட்ச்ல நாக்கை உள்ள இழுத்து நிறுத்தி வைக்க ஒரு சின்ன பட்டன் இருக்கும், வெளில கால் வைக்கும்போது அதைப் போட்டுப் பழகுங்க. பெட்ரூம், பாத்ரூம் உள்தாழ்ப்பாளை உயரத்துக்கு மாத்துங்க, வாடகை வீடு ஓனர் விடமாட்டாருன்னா கதவு மேல ஒரு துண்டை மடிச்சுப் போடுங்க, அது முழுசா சாத்தாது, விரலும் நசுங்காது. உங்க வீட்டு மீட்டர் போர்டு எங்க இருக்கு, எது உங்க மெயின்னு வந்த அன்னிக்கே கேட்டு வச்சுக்கோங்க.

அடுத்து பால்கனி. கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா தலை நுழையும்னு நினைச்சுக்கோங்க, படுக்கைவாட்டு கம்பியா இருந்தா அது ஏணி தான். புறா வராம இருக்க அடிக்கிற நைலான் நெட்டை நம்பி விடாதீங்க, அது புறாவுக்கு மட்டும் தான். ஓனர்கிட்ட கேட்டு கிரில்லோ, நெருக்கமா கம்பி இழுக்குற இன்விசிபிள் கிரில்லோ போடுற வரைக்கும் பால்கனி கதவு பூட்டியே இருக்கட்டும். இன்னொண்ணு, யாரும் யோசிக்க மாட்டாங்க: பிரிக்காத அட்டைப்பெட்டியை ஜன்னல் ஓரமா அடுக்கி வைப்போம் பாருங்க, அதான் பிள்ளைக்குப் படிக்கட்டு. பெட்டியெல்லாம் ஜன்னல் இல்லாத சுவர் பக்கம் தள்ளுங்க, பீரோவையும் புக் ஷெல்ஃபையும் சுவத்தோட சேத்து ஸ்க்ரூ பண்ணச் சொல்லுங்க.

கேஸ் விஷயத்துல நாங்க ஏமாந்தோம். வேற ஊருக்கு மாறினா சிலிண்டரைத் தூக்கிட்டு வர முடியாது, சிலிண்டரும் ரெகுலேட்டரும் பழைய ஏஜென்சில ஒப்படைச்சு ட்ரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கி புது ஏஜென்சில குடுக்கணும். நடுவுல சில நாள் அடுப்பு கிடையாது. அதுக்காகத் தான் ஒரு பை தனியா கட்டணும், கடைசியா ஏத்தி முதல்ல இறக்குற பை: இன்டக்‌ஷன் ஸ்டவ், சின்ன குக்கர், கொஞ்சம் அரிசி பருப்பு, பால் பவுடர், டயப்பர், காய்ச்சல் சிரப், ஒரு ஸ்க்ரூடிரைவர். அதோட பிள்ளை தினமும் கட்டிப்பிடிச்சுத் தூங்குற போர்வை. அதைப் புது வீட்டுக்குன்னு துவைச்சு எடுத்துட்டு வராதீங்க தயவுசெஞ்சு, அந்த வாசனைக்குத் தான் அது தூங்குது. தம்பிக்குத் தூளி பழக்கம், இங்க ஃபால்ஸ் சீலிங், கொக்கியே கிடையாது. ஃபேன் கொக்கில கட்டலாம்னு இவரு ஏணி கூட எடுத்துட்டாரு, நான் விடல. ஸ்டாண்டு வாங்கி அதுல அம்மாவோட அதே பழைய சேலையைக் கட்டினோம், ரெண்டாம் நாள் தான் தூங்கினான்.

தண்ணி இந்தப் பக்கம் போர் தண்ணியும் லாரி தண்ணியும் தான், உப்பு ஜாஸ்தி. எங்க ரெண்டுக்கும் முதல் வாரம் தோல் வறண்டு அரிப்பு, குளிச்ச உடனே தேங்காயெண்ணெய் தடவினதும் கேட்டுச்சு. குடிக்க ஆர்.ஓ மாட்டுற வரைக்கும் கேன் தண்ணி. தண்ணி வராதோன்னு பயந்து பக்கெட்டெல்லாம் ரொப்பி வைக்கத் தோணும், தவழுற, நடை பழகுற பிள்ளை இருந்தா வேண்டாம், தலைகுப்புற விழுந்தா கொஞ்சத் தண்ணியே போதும். மூடி போட்ட டிரம்ல வச்சு பாத்ரூமையும் சாத்துங்க.

கீழ் வீட்டுக்காரங்க புகார் பண்றதுக்கு முன்னாடி நீங்களே போயிடுங்க. முதல் ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களையும் கூட்டிட்டு, கையில கொஞ்சம் அல்வாவோட (நெல்லைக்காரங்களுக்கு இது ஒரு வசதி) போய் "மேல நாங்க தான், குதிச்சா சொல்லுங்க"ன்னு சொன்னோம். ஹால்ல ஃபோம் மேட்டும் போட்டாச்சு. இன்னி வரைக்கும் ஒரு தடவை தான் இன்டர்காம் அடிச்சாங்க, அதுவும் பாப்பா அம்மிக்குழவியை உருட்டினதுக்கு.

பெரிய பிள்ளைக்குத் தான் மனசு ஆறாது. "எப்பம்மா நம்ம வீட்டுக்குப் போவோம்"னு மூணு வாரம் கேட்டா. இதான் நம்ம வீடுன்னு அடிச்சுச் சொல்லாதீங்க, அதுக்கு இன்னும் அழும். சாப்பாடு, தூக்கம் நேரத்தை மட்டும் பழைய மாதிரியே வச்சுக்கோங்க, சாயங்காலம் பழைய வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு வீடியோ கால். எல்லா மாடியும் ஒரே மாதிரி இருக்குறதால பிள்ளை குழம்பும், நாங்க கதவுல அவ உயரத்துக்கு ஒரு யானை ஸ்டிக்கர் ஒட்டினோம். டவர் பேரு, வீட்டு நம்பர், அப்பா போன் நம்பர் மூணையும் லிஃப்ட்ல போகும்போதெல்லாம் சொல்ல வைங்க.

பேப்பர் வேலைல அவசரம் ஒண்ணு தான், தடுப்பூசி அட்டை. அதைக் கைப்பைல வைங்க, பெட்டில போட்டா ஆறு மாசம் கழிச்சுத் தான் கிடைக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை இலவசமாப் போடுவாங்க, ஊர் மாறி வந்தாலும் போடுவாங்க. ஃப்ரிட்ஜ்ல நம்பர் எழுதி ஒட்டுங்க: ஆம்புலன்ஸ் 108, கேஸ் லீக் 1906, கரண்ட்டுக்கு மின்னகம் 94987 94987.

சுவரு... கிறுக்கத் தான் செய்யும், காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு அட்வான்ஸ்ல பிடிப்பாங்க. குடி வந்த அன்னிக்கே எல்லாச் சுவத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, முன்னாடி இருந்தவங்க பிள்ளை கிறுக்கினதுக்கும் சேத்து நாம குடுக்கக் கூடாதுல்ல. வாஷிங் மெஷின் வந்த அட்டையைப் பிரிச்சு ஹால் சுவத்துல மாட்டி, இதுல மட்டும் தான்னு கிரேயானைக் குடுத்துடுங்க. செல்லோ டேப்ல ஒட்டாதீங்க, பெயின்ட்டோட சேந்து உரிஞ்சு வரும், ஏற்கெனவே இருக்குற ஆணில நூல் கட்டித் தொங்க விடுங்க.