வெளிநாட்டுத் தொழில்நுட்ப வேலைக்குச் சிவி எழுதும் முறை

நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ படித்துவிட்டு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக் காற்றாலைகளில் வேலை பழகிய குமரி மாவட்ட இளைஞர்கள் பலர், செய்யத் தெரிந்ததில் பாதியைக்கூடச் சிவியில் (தன்விவரக் குறிப்பில்) எழுதுவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் வாசித்துச் சரிபார்க்கக் கூடிய விவரங்களே சிவிக்கு வலிமை தரும். காற்றாலை டெக்னீஷியன் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு முறையைப் பார்ப்போம்.

முதலில், விண்ணப்பிக்கும் வேலையின் அறிவிப்பை இருமுறை வாசித்து, அதிலுள்ள கருவிகள், பணிகள், சான்றிதழ்கள் ஆகியவற்றின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளே வடிகட்டுவதால், உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவற்றை அறிவிப்பில் உள்ள அதே சொற்களில் எழுதுவது நல்லது.

அடுத்து, பெயர். நம் ஊரில் இனிஷியலோடு எழுதிப் பழகியிருந்தாலும், சிவியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரை எழுதுங்கள். தொலைபேசி எண்ணுக்கு முன் +91 வேண்டும். வீட்டு முகவரி முழுவதும் வேண்டாம், ஊரும் நாடும் போதும்.

மூன்றாவதாக வரும் பணி அனுபவத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் வைத்து, முந்தையவற்றை வரிசையாகக் கீழே எழுதுங்கள். 'காற்றாலைப் பராமரிப்பு செய்தேன்' என்ற வரியிலிருந்து எதையும் அறிய முடியாது. '2 மெகாவாட் காற்றாலைகளில் ஆறு மாத, ஓராண்டுப் பராமரிப்பு. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றம். டார்க் ரெஞ்சால் பிளேடு போல்ட்டுகளைச் சரிபார்த்தல். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பின் பழுது நீக்கம்' என்று எழுதினால், அதே தொழிலில் இருப்பவர் உங்கள் தரத்தை உடனே கணித்துவிடுவார். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் எத்தனை காற்றாலைகள் உங்கள் குழுவின் பொறுப்பில் இருந்தன என்பதையும் சேர்க்கலாம். ஆனால் நேர்காணலில் விளக்க முடியாத எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்திருந்தால், அவர் பெயரையும் காற்றாலை நிறுவனத்தின் பெயரையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். 04/05/2021 என்பதை அமெரிக்கர் ஏப்ரல் 5 என்றும் பிரிட்டனில் இருப்பவர் மே 4 என்றும் படிப்பதால், மாதத்தை எழுத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

சான்றிதழ்களோடு அவை காலாவதியாகும் நாளையும் எழுதுங்கள். காற்றாலைத் துறையில் கேட்கப்படும் ஜி.டபிள்யூ.ஓ. (உலகக் காற்றாலை நிறுவனங்களின் அமைப்பு) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெல்டர் என்றால் 6ஜி (சாய்வாகப் பொருத்திய குழாயை வெல்டிங் செய்வது) போன்ற நிலை, டிக் அல்லது ஆர்க் வெல்டிங் முறை, குழாயின் உலோகம் ஆகிய மூன்றும் அவசியம்.

பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் சிவியில் புகைப்படம், வயது, மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். வளைகுடா நிறுவனங்கள் புகைப்படமும் விசா நிலையும் கேட்பது வழக்கம் என்பதால், அதற்கெனத் தனிப் பிரதி வைத்திருங்கள்.

இரண்டு பக்கங்களுக்கு மிகாமல், கட்டங்களும் அலங்காரமும் இல்லாமல் அமைத்து, உங்கள் பெயரையே கோப்பின் பெயராக வைத்துப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். ஏஜென்ட் வழியாக அனுப்புவதானால், அவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள்.