பழைய ஜீன்ஸில் மணல் மூட்டை

வீட்டிலேயே எடை தூக்கிப் பயிற்சி செய்ய, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தால் அது ஒரு கிலோதான்; அதே பாட்டிலில் காய்ந்த மணல் சுமார் 1.6 கிலோ பிடிக்கும். கைப் பயிற்சிக்கு அது போதும். கால், முதுகு வலுப்பெற மணல் மூட்டைதான் சரி.

மணலைச் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துத் துணி இற்றுவிடும். தடித்த பிளாஸ்டிக் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் 2 கிலோ மணல் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு வாயை டேப்பால் சுற்றுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பெரும்பாலும் மூட்டை கிழிவது இங்கேதான்: மணல் நகர இடமில்லாத பை, கீழே போட்டதும் வெடிக்கும்.

ஜீன்ஸின் ஒரு காலைத் தொடையருகே வெட்டி, உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். கணுக்கால் பக்கத்தை நைலான் நூலால் இரண்டு வரிசை தைத்துவிட்டு மறுபடி திருப்பி, பைகளை அடுக்குங்கள். மேல் வாயை முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

முதுகு வளையாமல் 10 முறை தூக்க முடிகிற எடையில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு பையாகக் கூட்டலாம். தலைக்கு மேல் மட்டும் தூக்க வேண்டாம், முடிச்சு அவிழ்ந்தால் பைகள் தலையில் விழும்.