லேப் சிஸ்டம் எல்லாம் ராத்திரி சும்மா கிடக்குதா? காண்டர் போட்டு ஜாப் ஓட விடுங்க

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் எந்த காலேஜ் லேப்புக்குள்ள போனாலும் ஒரே கதைதான், சாயங்காலம் காலேஜ் பஸ் கிளம்பினதும் வரிசையா அத்தனை சிஸ்டமும் சும்மா கிடக்கும், அதே நேரம் ஹாஸ்டல்ல ஒரு ஃபைனல் இயர் பையன் மாவிலை போட்டோவை வெச்சு நோய் கண்டுபிடிக்கற ப்ராஜெக்ட்டை தன் லேப்டாப்ல விடிய விடிய ஓட்டிக்கிட்டு இருப்பான். இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஜாப் சப்மிஷன் சர்வீஸ், அதாவது பசங்க குடுக்கற ப்ரோகிராமை (அதுதான் ஜாப்) வரிசைல வாங்கி சும்மா இருக்கற சிஸ்டத்துல ஓட்டற சாஃப்ட்வேர். புதுசா சர்வர் வாங்க காசு வேணாம், எச்ஓடி சம்மதம் மட்டும் வேணும்.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டா, தனியா ரேக் போட்டு க்ளஸ்டரே (இதுக்குன்னே சேர்த்து வெச்ச சர்வர் கூட்டம்) வெச்சிருக்கீங்கன்னா ஸ்லர்ம்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் போங்க. பகல்ல பசங்க உட்கார்ற டெஸ்க்டாப்னா எச்டிகாண்டர்தான் (சுருக்கமா காண்டர்) என் சாய்ஸ். 1988ல விஸ்கான்சின் மேடிசன் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சப்பவே அதோட வேலை இதுதான், ஆள் இல்லாத சிஸ்டத்தை தேடிப் பிடிச்சு ஜாப் ஓட்டறது.

இதுல மெஷினுங்களுக்கு மூணு ரோல் இருக்கு. நடுவுல சென்ட்ரல் மேனேஜர், பசங்க லாகின் பண்ணி ஜாப் போடற சப்மிட் மெஷின், அப்புறம் உழைக்கற எக்ஸிகியூட் மெஷினுங்க. நம்ம ஊர் மாங்கா மண்டி மாதிரியேதான், எந்த சிஸ்டம்ல எவ்ளோ மெமரி ஃப்ரீ, எந்த ஜாப் எவ்ளோ கேட்குதுன்னு பார்த்து தரகர் வேலை பண்றது சென்ட்ரல் மேனேஜர். சின்ன லேப்னா முதல் ரெண்டையும் ஒரே பிசில போட்டுடலாம், ஆனா அது யுபிஎஸ்ல இருக்கணும், ஐபி மாறக்கூடாது.

இன்ஸ்டால் பெரிய விஷயமே இல்ல. உபுண்டுவோ டெபியனோ இருந்தா அவங்களே ஒரு ஸ்கிரிப்ட் தர்றாங்க, ரூட்டா (அட்மின் அனுமதியோட) ஓட்டணும், எல்லா மெஷின்லயும் ஒரே பாஸ்வேர்ட் குடுத்து இது சென்ட்ரல் மேனேஜர், இது சப்மிட், இது எக்ஸிகியூட்னு சொன்னா மீதியை அதுவே பார்த்துக்கும். சும்மா ஓட்டினா என்ன பண்ணப்போறேன்னு காட்டிட்டு நின்னுடும், நோ ட்ரை ரன் ஆப்ஷன் சேர்த்தாத்தான் நிஜமா பண்ணும். சென்ட்ரல் மேனேஜர்ல 9618 போர்ட்டை லேன்க்குள்ள மட்டும் திறங்க, வெளி இன்டர்நெட்டுக்கு வேணவே வேணாம். முடிஞ்சதும் காண்டர் ஸ்டேட்டஸ் கமாண்ட் அடிச்சா (நடுவுல அண்டர்ஸ்கோர்) சிஸ்டம் எல்லாம் லிஸ்ட்ல வரும்.

இப்ப முக்கியமான இடம், இதை விட்டா ஒரே வாரத்துல லேப் அசிஸ்டண்ட் அண்ணனே அன்இன்ஸ்டால் பண்ணிடுவாரு. இன்ஸ்டால் பண்ணின கையோட காண்டர் எப்பவும் ஜாப் ஓட்டற பாலிசிலதான் இருக்கும், அதாவது பிராக்டிகல் க்ளாஸ் நடக்கறப்பவும் பின்னாடி சிபியு எரியும், சிஸ்டம் ஸ்லோன்னு புகார் போகும். அதனால கான்ஃபிக் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு பாலிசியை டெஸ்க்டாப்னு மாத்துங்க, அந்த ஃபோல்டர்ல ஃபைலுங்களை பேர் வரிசைப்படி படிக்கும், கடைசியா படிக்கறதுதான் ஜெயிக்கும், அதனால உங்க ஃபைல் பேரை 99ல ஆரம்பிங்க. இப்ப 15 நிமிஷம் யாரும் கீபோர்டை தொடாம, சிஸ்டமும் சும்மா இருந்தாத்தான் ஜாப் வரும், யாராவது வந்து மவுஸை ஆட்டினா ஜாப் அப்படியே நிக்கும், அவங்க எழுந்து போகலைன்னா கொஞ்ச நேரத்துல இடத்தை காலி பண்ணிட்டு வேற சிஸ்டம் தேடும். யுஎஸ்பி கீபோர்டை தொடறது லினக்ஸ்ல காண்டருக்கு சரியா தெரியாம போகலாம், அதுக்குன்னே கேபிடிடின்னு ஒரு குட்டி ப்ரோகிராம் இருக்கு, அது ஓடுதான்னு பார்த்துக்கோங்க.

காலி பண்ற ஜாப் சேவ் பண்ணி வெச்சிருக்கலைன்னா அடுத்த சிஸ்டத்துல முதல்ல இருந்துதான் ஓடும். கரண்ட் போனாலும் இதே கதி. அதனால பத்து மணி நேர ஜாப் ஒண்ணா போடாம, அரை மணி, ஒரு மணி நேரத்துல முடியற துண்டா உடைச்சு போடச் சொல்லுங்க. ஆயிரம் போட்டோ இருந்தா ஐம்பது ஐம்பதா பிரிச்சு 20 ஜாப், ஜாப் விவரம் எழுதற சப்மிட் ஃபைல்ல கடைசி வரில கியூ 20னு போட்டா போதும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 19 வரை ஒரு ப்ராசஸ் நம்பர் வரும், அதை வெச்சு எந்த ஐம்பதுன்னு ஸ்கிரிப்ட் எடுத்துக்கும். மெமரி எவ்ளோ வேணும்னு கட்டாயம் எழுதணும். எந்த ஃபைல் கூடவே போகணும்னும் எழுதிட்டா காண்டரே தூக்கிட்டுப் போகும், எல்லாத்துக்கும் பொதுவா ஷேர்டு டிரைவ் தேவையில்ல.

அப்புறம் மெயின் ஸ்விட்ச். சாயங்காலம் அஞ்சு மணிக்கு போர்டை இழுத்து விட்டுட்டுப் போறது நம்ம லேப்புங்கள்ல பழக்கம், அது இருக்கற வரைக்கும் ராத்திரி ஜாப்புங்கறதே இல்ல. எச்ஓடி கையெழுத்தோட ஒரு ஏ4 பேப்பரை அந்த போர்டு மேலயே ஒட்டுங்க, லைட், ஃபேன் எதுன்னு ஸ்விட்ச் மேல பேர் எழுதி வைங்க, வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் நேர்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கான்ஃபிக் ஃபைலை விட இது பத்து மடங்கு வேலை செய்யும்.

பசங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான், "ணா, ஜாப் போட்டேன், ஓடவே மாட்டேங்குது". முதல்ல ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க, மேட்ச் பண்றது நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அப்பவும் காண்டர் கியூ கமாண்டை நோபேட்ச் ஆப்ஷனோட அடிச்சா ஐன்னே (ஐடில், இன்னும் காத்திருக்குன்னு அர்த்தம்) நின்னா அதே கமாண்டுக்கு பெட்டர் அனலைஸ் ஆப்ஷன் போட்டு பாருங்க, எந்த கண்டிஷன்ல எத்தனை மெஷின் அடிபடுதுன்னு வரி வரியா சொல்லும், 8 ஜிபி சிஸ்டத்துல 16 ஜிபி கேட்டு வெச்சிருப்பாங்க. எச்னு இருந்தா ஹோல்ட், அதாவது ஜாப்பை நிறுத்தி வெச்சிருக்கு, காண்டர் கியூவோட ஹோல்ட் ஆப்ஷன் சேர்த்தா காரணம் வரும், சரி பண்ணிட்டு காண்டர் ரிலீஸ் குடுக்கணும். விண்டோஸ்ல நோட்பேட்ல எழுதின ஸ்கிரிப்ட்னா வரி முடியற குறி லினக்ஸுக்கு ஒத்துக்காது, சப்மிட் பண்றப்பவே திட்டும், அதை மாத்தற டாஸ் டு யுனிக்ஸ் கமாண்டை ஓட்டிட்டு திரும்ப போடச் சொல்லுங்க.

ஒருத்தனே எல்லா சிஸ்டத்தையும் வளைச்சுப் போட்டுக்குவானோன்னு பயம் வேணாம். நிறைய ஓட்டினவங்க முன்னுரிமை தானா கீழ இறங்கும், அந்தக் கணக்கு ஒரு நாளைக்கு பாதியா குறைஞ்சுடும், அதனால நேத்து வராதவனுக்கு இன்னிக்கு முதல்ல கிடைக்கும். காண்டர் யூசர்ப்ரையோ அடிச்சு பாருங்க, நம்பர் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் முன்னுரிமை, தலைகீழா புரிஞ்சுக்காதீங்க.

பக்கத்து டிபார்ட்மென்ட் லேப்பையும் சேர்க்கணும்னா அந்த சிஸ்டங்கள்ல அதே பாஸ்வேர்டோட எக்ஸிகியூட் ஸ்கிரிப்டை ஓட்டி, அந்த 99 ஃபைலை காப்பி பண்ணிட்டா போதும், சென்ட்ரல் மேனேஜர்ல எதையும் தொட வேண்டியதில்ல.