மேல்தட்டுக்குப் போகும் புத்தகங்கள்: தொடக்கப் பள்ளி நூலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தகத் தடை என்றதும் நமக்கு அரசாணை, நீதிமன்றம், போராட்டம் எல்லாம் நினைவுக்கு வரும். விளவங்கோட்டிலோ தோவாளையிலோ இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் அது அவ்வளவு ஆர்ப்பாட்டமாக நடப்பதில்லை. தலைமை ஆசிரியர் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டுவார். "இது எதுக்கு வம்பு" என்பார். புத்தகம் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். பதிவேட்டில் அது இருக்கும், பிள்ளைகள் கைக்கு மட்டும் வராது. யாரும் தடை செய்யவில்லை என்பதால் யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. குமரி மாவட்டப் பள்ளிகளில் புத்தகத் தேர்வில் உதவப் போகும்போது நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: காரணம் எழுதாமல் ஒதுக்குவது.

எல்லாப் புத்தகத்தையும் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஒதுக்குவதெல்லாம் தணிக்கை ஆகிவிடாது. அமெரிக்க நூலகவியலாளர் லெஸ்டர் ஆஷைம் 1953-இலேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். புத்தகம் தேர்ந்தெடுப்பவர் அதை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுவார், தணிக்கை செய்பவர் தள்ளிவிடக் காரணம் தேடுவார் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆகவே கையில் எடுத்த புத்தகத்தை வேண்டாம் என்று வைக்கும்போது ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். "எழுத்து பொடியாக இருக்கிறது, இரண்டாம் வகுப்புக்கு ஓடாது", "திமிங்கிலத்தை மீன் என்று எழுதியிருக்கிறது", "கறுப்பாக இருப்பவனைக் கேலி செய்தே கதை நகர்கிறது". இவை தேர்வு. "யாராவது ஏதாவது சொல்வார்கள்" என்று எழுத வேண்டி வந்தால், அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை முழுதாகப் படியுங்கள்.

வெட்டுவது, ஒட்டுவது

ஒரு பள்ளியில் உடலைப் பற்றிய படப் புத்தகம். நம் உறுப்புகள், அவற்றின் வேலை, யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று பொறுமையாகச் சொல்லும் புத்தகம். அதில் ஒரு பக்கத்தின் மேல் வெள்ளைத் தாளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். நான் போன அன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தாளின் மூலையை நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மற்ற பக்கங்களை யாரும் சீண்டவே இல்லை. பக்கத்தைக் கிழிப்பது, கறுப்பு மார்க்கரால் அடிப்பது, ஸ்டேப்ளர் அடிப்பது எல்லாம் இந்த வகைதான்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு தேவை என்று யோசித்தார்களா தெரியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். நடந்ததைச் சொல்வதற்கு உறுப்பின் பெயர் தெரியாத பிள்ளை அந்த எண்ணில் பேசி என்ன சொல்லும்? சங்கடமாக இருந்தால் அந்தப் புத்தகத்தை ஆசிரியர் கூட இருந்து வாசிக்கும் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். வைப்பதானால் முழுதாக வைக்க வேண்டும்.

மதம் என்றாலே கையை எடுத்துவிடுவது

1982-இல் மண்டைக்காடு மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. இங்கே மூத்த ஆசிரியர்கள் மதம் தொட்ட எதையும் கண்டு தயங்குவதில் நியாயம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தயக்கம் இரண்டு விதமாகத் தவறிப் போகிறது. ஒன்று, கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று படத்தில் வந்தாலே புத்தகம் வெளியே. இன்னொன்று, நிர்வாகம் எந்த மதமோ அந்த மதத்துக் கதைகள் மட்டும் அலமாரி நிறைய.

சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிற அப்பா, டிசம்பரில் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவிடுகிற மாமா, தக்கலை பீர் முகம்மது அப்பா தர்கா விழாவுக்குப் போகிற பாட்டி, அய்யாவழித் தலைமைப்பதியான சுவாமிதோப்புக்குப் போகிற சித்தி என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன பண்டிகை என்று சொல்லும் புத்தகம் அவர்களுக்கு வேண்டும். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டுகிறதா? அல்லது எங்கள் சாமிதான் ஒசத்தி என்றோ அடுத்தவன் சாமி மட்டம் என்றோ சொல்கிறதா? இரண்டாவது வகை எந்த மதத்தினுடையதானாலும் பொதுப் பள்ளி அலமாரிக்கு ஆகாது.

ஊர் வரலாறும் துக்கமும் குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது

நம் ஊர்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் உலகறிந்தது. 1859-இல் திருவிதாங்கூர் அரசு அனுமதி அறிவித்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. இதைச் சொன்ன பகுதியை 2016-இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2019-இல் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்தே அந்த அத்தியாயம் போய்விட்டது. மேலே அப்படி நடக்கும்போது கீழே ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் சாதி என்ற சொல் வந்த கதையைக் கண்டு பயப்படுவதில் வியப்பில்லை. வன்முறையை விவரிக்கும் நூல் ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம், சரி. கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் தடுத்தார்கள் என்று சொல்லும் எளிய கதையைப் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். சிலர் அதை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள்.

துக்கக் கதைக்கும் இதே கதிதான். கடலுக்குப் போன அப்பா திரும்பாத கதையை "பிள்ளைகள் அழும்" என்று எடுத்து வைக்கிறார்கள். 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் அடித்த கரை இது. ஒக்கியில் அப்பாவை இழந்தவர்கள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு புதிதல்ல.

பேச்சுத் தமிழில் எழுதிய கதைகளைக் கொச்சை என்று ஒதுக்குவது இன்னொரு பழக்கம். வள்ளம், சாளை, மரச்சீனி, ரப்பர் பால்வெட்டு என்று வரும் கதையை நம் பிள்ளைகள் தடுக்காமல் வாசிப்பார்கள். எல்லைப்புறப் பள்ளிகளில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் உண்டு. நாலு மலையாளப் படப் புத்தகம் இருந்தால் தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது.

மார்ச் மாதக் கொள்முதல்

பள்ளிகளுக்கு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டு மானியம் 5,000 ரூபாய். நிதியாண்டு முடியப் போகிறது, பில் வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு விற்பனையாளர் தரும் புத்தகக் கட்டை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். கட்டைப் பிரித்தால் ஒரே நீதிக்கதை பத்துப் பிரதி, பொது அறிவு வினா விடை, தலைவர்கள் வாழ்க்கை. இங்கே தேர்வு செய்தது யார்? அந்த விற்பனையாளர். ஒரு படப் புத்தகம் 50 ரூபாய் என்று வைத்தால்கூட 100 தலைப்புகள் வாங்கலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய் அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலை நூல்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவற்றைப் பிரித்து வெளியே வையுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம்.

வெளியே வையுங்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. தணிக்கையைவிட அதிகப் புத்தகங்களை நம்மிடமிருந்து மறைப்பது பீரோ பூட்டு. புத்தகம் குறைந்தால் தணிக்கையின்போது, அதாவது கணக்குத் தணிக்கையின்போது, தன் கையிலிருந்து கட்ட வேண்டி வருமோ என்ற பயம். இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். கிழிந்த புத்தகத்தையும் தொலைந்த புத்தகத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்டுக் கழித்துவிட்டால் ஆசிரியரின் தலைவலி பாதி குறையும்.

கழிப்பதிலும் நேர்மை வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் கரையானும் ராமபாணப் பூச்சியும் ஆண்டுதோறும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பிடிக்காத புத்தகத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்து "சிதைந்தது" என்று எழுதுவது நடக்கிறது.

ஒரு போன் வந்ததும் எடுத்துவிடுவது

"டீச்சரே, எம் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு அம்மா கேட்டால் அவருக்கு அந்த உரிமை உண்டு. தன் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் வேண்டாம் என்றால் கொடுக்க வேண்டாம். மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர் முடிவெடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டால் இன்னும் பதற்றம் வரும். அப்போதும் அன்றே எடுக்காதீர்கள்.

முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். பாதிப் பேர் அதோடு சமாதானம் ஆகிவிடுவார்கள். ஆகாவிட்டால் எழுதி வாங்குங்கள்: எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம், முழுப் புத்தகமும் படித்தீர்களா, பதிலாக எந்தப் புத்தகம் வைக்கலாம். மேலாண்மைக் குழுவில் இரண்டு பெற்றோர், ஒரு ஆசிரியர், முடிந்தால் பக்கத்துக் கிளை நூலகர் ஆகியோர் முழுதாகப் படித்து முடிவு சொல்லட்டும். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். முடிவு எதுவானாலும் காரணத்தோடு தேதி போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலில் போனால், வருகிறவர் அதே புத்தகத்துக்காக அதே பஞ்சாயத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.